திருப்பதி மொட்டைக்கும் கம்பளி நூலுக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா?

திருமலை கல்யாணகட்டாவில் பக்தர்களின் தலையிலிருந்து விழும் முடியும், செம்மறி ஆட்டின் முதுகிலிருந்து கத்தரித்து எடுக்கும் கம்பளியும் வேதியியல் கண்ணுக்கு அண்ணன் தம்பி என்பது தெரியுமா? இரண்டும் கெரட்டின் என்ற புரதம்தான். அதனால்தான் நரைக்குப் பூசுகிற மருதாணியும் அவுரிப் பொடியும் ஸ்வெட்டர் பின்னும் கம்பளி நூலையும் பிடித்துக்கொள்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையில் மருதாணியை அப்பிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருக்கும் மாமாக்கள் அத்தனை பேரும் சாயப்பட்டறை வேலை பார்க்கிறவர்கள்தான். அவர்களுக்கே தெரியாது!

சித்தூர், திருப்பதி வெயிலில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். பழைய சித்தூர் மாவட்டத்து ஹார்ஸ்லி மலையை விட்டால் அந்தப் பக்கம் கம்பளி போர்த்திக்கொள்ள இடம் குறைவு. பக்கத்து நெல்லூரின் பெயரைத் தாங்கிய நெல்லூர் ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது தெரியுமா? உடம்பெல்லாம் வெறும் முடி! ஆனால் நூலுக்கு ஏற்றும் நிறம் என்று வந்துவிட்டால், சேஷாசலம் காட்டிலிருந்து காளஹஸ்தி ஆற்றங்கரை வரை உள்ள அந்த நிலத்துக்கு ஈடு சொல்ல உலகத்தில் சில இடங்களே உண்டு.

செம்மரத்திலிருந்தே தொடங்கலாம். செஞ்சந்தனம் என்றும் சொல்லும் இந்த மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். கடப்பை, சித்தூர், திருப்பதி, நெல்லூர் என்று நாலைந்து மாவட்டக் காடுகளோடு கதை முடிந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லை! வைரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, கல் மாதிரி அடியில் போய் உட்காரும். ஜப்பானின் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் உயர்தரக் கழுத்து இந்தக் கட்டையில்தான் கடையப்படுகிறது. இவையெல்லாம் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது இதோ: ஐரோப்பாவின் கம்பளிச் சாயக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இந்தக் கட்டையைக் கப்பலில் வரவழைத்துத் தூளாக்கிக் கொப்பரையில் போட்டார்கள். அதன் சிவப்புக்கு சாண்டலின் என்று பெயர். அது ஒரு பிடிவாதக்கார நிறம். தண்ணீரில் லேசில் கரையாது, சாராயத்தில்தான் கரையும். அதனால் கஷாயம் வைத்து வடிகட்டும் வழக்கமான முறை இங்கே செல்லாது. கம்பளியையும் மரத்தூளையும் ஒன்றாகவே போட்டு மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். வெந்நீரில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற சிவப்பை அங்கேயே கம்பளி இழுத்துக்கொள்ளும். கடைசியில் துளி இரும்பு உப்பைச் சேர்த்தால் சிவப்பு ஆழ்ந்த பழுப்பாக இறங்கும்.

அதோடு விட்டதா? இடைக்கால ஐரோப்பியப் பிரபுக்கள் வீட்டுச் சமையலில் குழம்புக்குச் சிவப்பு ஏற்றவும் இதே தூள்தான். சுவீடன்காரர்கள் டப்பாவில் அடைக்கும் மசாலா மீனில் இன்றைக்கும் செஞ்சந்தனம் சேர்கிறது. நம் வீட்டில் முகப்பருவுக்கு உரசிப் பூசுகிறோம், அவர்கள் மீனுக்குப் போடுகிறார்கள்!

தமிழ் வாசகருக்குச் செம்மரம் என்றதும் நினைவுக்கு வருவது வேறு என்பதும் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி பக்கத்து மலைக்கிராமக்காரர்கள். ஒரு மரத்தின் நிறத்துக்கு உலகம் கொடுத்த விலையில் அதுவும் சேர்த்தி. மரத்தின் சர்வதேச வணிகம் 1995 முதல் உலக ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆகவே சாயம் போட ஆசைப்பட்டுக் காட்டுக் கட்டையைத் தேடிப் போக வேண்டாம். போகவும் அவசியமில்லை.

ஏன் அவசியமில்லை? சாயக்காரரின் கிடங்கு நம் தெருமுனை நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது! கடுக்காய், மஞ்சிட்டி, மாதுளை ஓடு, மாசிக்காய், அவுரி, படிகாரம் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் உங்களுக்கு வயிற்றுக்கோளாறா தோல் வியாதியா என்றுதான் யோசிப்பார். அத்தனையும் சாயச் சரக்கு.

வெங்கடாசலபதிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சளில் நனைத்த துணியில் காசு முடிந்து வைக்கிறோமே, அதுவும் சாயத் தொழில்தான். பருத்தி, பட்டு, கம்பளி எதுவானாலும் மஞ்சள் உடனே ஒட்டும். ஒட்டவைக்க வேறு சரக்கே வேண்டாம். ஆனால் வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் மஞ்சள் நமக்குக் கடுக்காய் கொடுத்துவிடும்! மாறாக, நிஜக் கடுக்காய் அப்படி ஏமாற்றாது. அதில் துவர்ப்புச் சத்தான டானின் ஏராளம். நிறம் ஏறிக்கொள்ளப் பருத்தியில் பிடிமானம் அமைத்துக் கொடுப்பது அதுதான். பீட்ரூட் சாற்றில் நூலை முக்கி அழகு பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதல் சலவையோடு அது போய்விடும். பளிச்சென்று இருப்பதெல்லாம் சாயம் இல்லை.

அப்படியானால் எது சாயம்? இந்த விஷயத்தின் உயிர்நாடியே இங்கேதான். நிறத்தைத் தீர்மானிப்பது செடி மட்டும் இல்லை, அதோடு சேரும் உலோக உப்பும்தான். ஒரே வேர்ச்சாற்றில் படிகாரம் ஏறிய நூலை முக்கினால் சிவப்பு, இரும்பு உப்பு ஏறிய நூலை முக்கினால் கருஊதா! ஒரே அண்டா, இரண்டு நிறம்! எகிப்தியர்கள் வெள்ளைத் துணியில் என்னென்னவோ பூசி, ஒரே கொப்பரையில் முக்கி, பல நிறங்களோடு எடுக்கிறார்கள் என்று ரோமானியர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே வாய் பிளந்து எழுதி வைத்தார்.

அந்த ஆச்சரியத்தை இன்று கண்ணால் பார்க்க எகிப்து போக வேண்டாம். திருப்பதியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், காளஹஸ்தி. நம் கண்ணப்ப நாயனாரின் திருக்காளத்தி. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரிக்கும் வரை சித்தூரில் இருந்தது, இப்போது திருப்பதி மாவட்டம். ராகு கேது பூஜை முடித்த கையோடு பஸ் ஏறிவிடும் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும், அதே ஊரின் சந்துகளில் எருமைப்பாலையும் சாணத்தையும் துருப்பிடித்த இரும்பையும் வைத்துக்கொண்டு துணியில் கலம்காரி வரைகிறார்கள் என்று?

எருமைப்பால் எதற்கு? சொல்கிறேன். கஞ்சியும் அழுக்கும் போகத் துணியைச் சாணக் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் வெளுக்கவைக்கிறார்கள். பிறகு கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைக்கிறார்கள். கடுக்காயின் வேலை முன்பே சொன்னது. பாலின் கொழுப்போ மை கசியாமல் பார்த்துக்கொள்ளும். பால் குறைந்தால் ராமருடைய மூக்கு கன்னம் வரை பரவிவிடும்!

மை தயாராவது இன்னும் வேடிக்கை. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைப் பனைவெல்லமும் கரும்பு வெல்லமும் கரைத்த தண்ணீரில் போட்டு, பானையை மூடி, இரண்டு மூன்று வாரம் விட்டுவிட வேண்டும். வெல்லம் புளித்துக் காடியாகும், காடி இரும்பைத் தின்னும். இதற்குக் கசிம் என்று பெயர். பானையில் பார்த்தால் இதைக் கறுப்பு என்றே சொல்ல மாட்டீர்கள், ஏதோ கழுநீர் போல இருக்கும். கலம் என்பது ஒரு மூங்கில் குச்சிதான். கூரிய நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ பருத்தியோ சுற்றி நூலால் இறுக்கக் கட்டியிருப்பார்கள். அந்த உருண்டை மையைக் குடித்துக்கொள்ளும், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப நுனிக்கு விடும். புளியங்குச்சியை எரித்த கரியால் முதலில் போட்ட கோட்டின் மேல் கலம் ஊர்கிறது. ஊர்ந்த இடமெல்லாம், கண் எதிரே, கழுநீர் கன்னங்கரேல் என்று மாறுகிறது! இரும்பும் டானினும் சந்தித்ததும் நிகழும் வித்தை அது. 1215-இல் இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா சாசனத்தை எழுதிய மையிலும் இதே வித்தைதான். அங்கே கடுக்காய்க்குப் பதில் மாசிக்காய்.

சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைப் பூசி ஊறவிட்டு, துணியை ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். நின்ற தண்ணீர் உதவாது. உபரிப் படிகாரம் மிதந்து போய்ப் பக்கத்து இடத்தில் ஒட்டினால் அங்கேயும் சிவப்பு ஏறிவிடும். அதற்குத்தான் சுவர்ணமுகி, தேவாரம் பாடிய நம் ஊர்க்காரர்களுக்குப் பொன்முகலி. ஆனால் ஆறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. கலம்காரிக்கு எது இல்லாமல் போனால் ஆபத்து என்று என்னைக் கேட்டால் செடியைச் சொல்ல மாட்டேன், தண்ணீரைச் சொல்வேன்.

அலசியதும் சாயவேர் போட்ட கொப்பரையில் துணி வேகும். படிகாரம் பட்ட இடம் சிவந்து எழும். மற்ற இடத்தில் ஒட்டிய மங்கல் நிறத்தைச் சாணமும் வெயிலும் மறுபடி வெளுக்கும். பிறகு கடுக்காய்ப்பூ மஞ்சள், அவுரி நீலம், நீலத்தின் மேல் மஞ்சள் பூசிப் பச்சை. இப்படியாக ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும்.

சாணம் என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு: 19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் பருத்தி அச்சு ஆலைகளும் சாணத் தொட்டியில்தான் துணியை முக்கின! சாணத்தில் உள்ள பாஸ்பேட், படிகாரத்தை நூலோடு இறுக்கிவைக்கும். அதற்கு மாற்று கண்டுபிடிக்கப் பெரிய பெரிய ரசாயனக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

சாயவேர்ச் சிவப்பின் ரகசியத்தை ஐரோப்பா வேவு பார்த்தது தெரியுமா? 1730-களில் புதுச்சேரிக்கு வந்த போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, சாயக்காரர் பக்கத்திலேயே இருந்து, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்து அனுப்பினார். 1742-இல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடுக்காய் முதல் எருமைப்பால் வரை விலாவாரியாகக் கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே சொன்னவரும் இவர்தான். மனுஷருக்கு எல்லாவற்றிலும் மூக்கு நீளம்!

வேவு பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. சோழமண்டலக் கரையின் பூப்போட்ட பருத்தித் துணி அங்கே கம்பளி, பட்டுக்காரர்களின் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டது, 1774-இல்தான் தளர்த்தியது. 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் பருத்தி கவுன் போட்ட பெண்களைத் துரத்தித் துரத்திக் கிழித்தார்கள். அதற்கும் முன்னால் இன்னொரு கூத்து: கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற, பிணத்தைக் கம்பளித் துணியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று 1660-களிலேயே இங்கிலாந்தில் சட்டம்! செத்த பிறகும் கம்பளி!

நீலத்துக்கு வருவோம். அவுரி இலையில் நீலம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் ஊறிப் புளித்து, காற்று பட அடித்துக் கலக்கிய பிறகுதான் நீலம் பிறந்து அடியில் படியும். அந்தக் கட்டியை அப்படியே தண்ணீரில் போட்டால் கரையவும் கரையாது. தென்னிந்தியச் சாயக்காரர்கள் கண்ட வழி, தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடும் உவர்மண்ணோடும் சேர்த்துத் தாழியைப் புளிக்கவைப்பது. புளித்த தாழியில் முக்கிய நூல் வெளியே வரும்போது மஞ்சள்பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் பச்சை விலகி நீலம் பரவுவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு தூக்கலான தாழி பருத்திக்குச் சரி, கம்பளியை அரித்துவிடும்.

அவுரி மட்டுமா? வெட்பாலையிலும் நீலம் உண்டு! தாவரவியலாளர் ராக்ஸ்பரோ 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த இலையிலிருந்து நீலம் எடுப்பதைப் பற்றி எழுதினார். நம்பிக்கை இல்லையென்றால் தோல் வியாதிக்குப் பூசும் வெட்பாலைத் தைலத்தைப் பாருங்கள். இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். சித்த வைத்தியர் கையில் இருக்கும் சீசாவில் ஒரு சாயப்பட்டறை ஒளிந்திருக்கிறது.

ஒரே மூச்சில் இன்னும் சில. மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலத்தோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணி மஞ்சிட்டி வகைச் சாயம் ஏற்றியது. 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் வீலர், அங்கிருந்த செங்கல் தொட்டிகளைச் சாயத் தொட்டிகள் என்றே கருதினார். சாயவேர் கடலோர மணலில் விளையும். சிப்பி கலந்த, சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் வளர்ந்த வேருக்குத்தான் மவுசு, ஏனென்றால் அந்தச் சிவப்பு நிலைக்கச் சுண்ணாம்பும் வேண்டும். ஆந்திரத்துச் சீராலாவில் தேலியா ருமால் என்ற துணிக்கான நூலை நல்லெண்ணெயிலும் ஆமணக்குக் காய்ச் சாம்பல் கரைசலிலும் நாள்கணக்கில் பிசைந்து, எண்ணெய் வாசம் ஏற்றிய பிறகுதான் சாயத்துக்கே விடுவார்கள்.

இவ்வளவு பெரிய அறிவு எப்படிச் சரிந்தது? 1856-இல் 18 வயதுப் பையன் பெர்க்கின், மலேரியா மருந்து தேடப்போய்த் தாரிலிருந்து ஊதாவைக் கண்டுபிடித்தான். 1868-இல் ஜெர்மானியர்கள் சாயவேரின் சிவப்பான அலிசரினை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். காப்புரிமைக்கு அவர்கள் மனு கொடுத்தது 1869 ஜூன் 25, பெர்க்கின் கொடுத்தது ஜூன் 26. ஒரே ஒரு நாள்! 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது, கடப்பை முதல் வங்காளம் வரை அவுரி வயல்கள் படுத்தன. காளஹஸ்தியில் 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியில் பயிற்சி மையம் வந்திராவிட்டால் கலமும் கசிமும் அருங்காட்சியகத்தில்தான் இருந்திருக்கும். அந்த மரபில் வந்த ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, பின்னல் ஊசியோடு காத்திருக்கிறவர்களுக்கு. கடையில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். அதில் எந்தச் செடிச் சாயமும் ஏறாது. ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக். மொட்டைக்கும் கம்பளிக்கும் உள்ள உறவை மூக்கே சொல்லிவிடும்.

நிஜக் கம்பளி 100 கிராம் என்றால் படிகாரம் 12 முதல் 15 கிராம் போதும். எவர்சில்வர் பாத்திரத்தில் வெதுவெதுப்பான படிகாரத் தண்ணீர், அதில் நனைந்த நூல்கண்டு. மெல்லச் சூடேற்றி, தளதளவென்று கொதிக்கும் முன் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம். அந்தத் தண்ணீரிலேயே ஆறட்டும். இன்னொரு பாத்திரத்தில் 100 கிராம் வெங்காயச் சருகை வேகவைத்து வடிகட்டி, அதில் நூலை இதேபோல் இன்னொரு மணி நேரம். செம்மஞ்சள் கிடைக்கும். மாதுளை ஓடு என்றால் மஞ்சள், மஞ்சிட்டி என்றால் செங்காவி. சூட்டிலிருந்து நேரே பச்சைத்தண்ணீருக்கு மாற்றாதீர்கள், கசக்கவும் கசக்காதீர்கள். கம்பளி சுருங்கிச் சிக்குப் பிடித்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது. இயற்கைச் சாயம் வெளுக்கவே வெளுக்காது என்று யாராவது சொன்னால் நம்பவும் நம்பாதீர்கள். நிழலில் காயப்போட்டால் நெடுநாள் வரும், அவ்வளவுதான்.

அடுத்த முறை காளஹஸ்தி போனால் கோயிலுக்குப் பிறகு ஒரு கலம்காரிப் பட்டறைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாங்கும் முன் துணியை விரித்துப் பாருங்கள். ஒரே பூ இரண்டு இடத்தில் அச்சு அசலாக இருந்தால் அது ஸ்கிரீன் பிரிண்ட். கையால் வரைந்ததில் ஒரு கோடு போல இன்னொரு கோடு இருக்காது, விலையும் கூடுதலாகத்தான் இருக்கும். பேரம் பேசும்போது அந்த எருமைப்பாலையும் மூன்று வாரப் பானையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.